காந்த வளையத்துக்குள் ஒரு முழங்கால்

கொடைக்கானலுக்கும் பழனிக்கும் ஓடும் பஸ்ஸில் நான் அப்போது கண்டக்டர். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஐப்பசி மாதம். வடகவுஞ்சி தாண்டிக் கீழே இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே மரலாரி வந்து நின்றது. இரண்டு வண்டிக்கும் அங்கே இடமில்லை. நாங்கள்தான் பின்வாங்க வேண்டும். வழக்கம்போல நான் இறங்கி, வண்டிக்குப் பின்னால் நின்று விசில் கொடுத்துக்கொண்டே நகர்ந்தேன். ரோட்டோரக் கல்லில் பாசி. இடது கால் வழுக்கி, தண்ணீர் ஓடும் சிறு வாய்க்காலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. உடம்பு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். வலியைவிட அந்தச் சத்தம்தான் பயமாக இருந்தது.

எப்படியோ ஏறி உட்கார்ந்து பழனி வரைக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கப் போனால் பேண்ட் முட்டியில் இறுகிக் கிடந்தது. அவ்வளவு வீக்கம்.

திண்டுக்கல்லில் ஸ்கேன் பார்த்த டாக்டர், சவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு பிசியோதெரபி செய்யுங்கள் என்றார். மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீடு பெருமாள்மலையில். சிகிச்சை கொடுக்கும் இடம் பழனியில். வாரத்தில் பாதி நாள் மலை இறங்கி ஏறியாக வேண்டும்.

அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் சின்ன வயசுப் பெண். சுருக்கமாகப் பேசுவாள். முதல் நாளே ஒரு மெஷினைக் காட்டினாள். மேஜை மேல் ஒரு பெட்டி, அதிலிருந்து வயர், வயர் நுனியில் வெள்ளை வளையம், சின்ன டயர் அளவுக்கு.

“இது காந்தம்ணே. கரண்ட் விட்டு விட்டுப் போகும், அதுக்குத் தக்கன காந்தமும் விட்டு விட்டு வேல செய்யும். ஒடம்புல இரும்பு ஏதும் இருக்கக் கூடாது. வாட்ச், செல்லு, பையில இருக்கிறது எல்லாத்தையும் எடுத்து வெளிய வைங்க.”

சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வைத்தேன். லீவில் இருக்கிற ஆளுக்கு விசில் எதற்கென்று அவள் கேட்கவில்லை. வளையத்துக்குள் காலை நுழைத்து, முட்டி நடுவில் வருகிற மாதிரி வைத்தாள். பெட்டிக்குள் ஏதோ ‘டிக் டிக்’ என்றது. சூடு இல்லை, ஷாக் இல்லை. எதுவுமே இல்லை.

“ஓடுதாம்மா?”

“ஓடுதுண்ணே.”

“ஒண்ணுமே தெரியலையே.”

“தெரியாதுண்ணே. அப்படித்தான்.”

வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள். “என்னங்க தெரிஞ்சுச்சு?” அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் அவளுடையது. கேரட் காட்டு வேலைக்குப் போகிறவள், எனக்காக அந்தக் கூலியை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றதும் பிளாஸ்க்கைத் திறந்து, “சரி, தேத்தண்ணி குடிங்க” என்றாள். டீ என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை.

சிகிச்சையைவிடப் போக்குவரத்துதான் ஆளைக் கொன்றது. நான் வேலை பார்த்த அதே பஸ். என் இடத்தில் ஏறியிருந்தவர் என்னைவிட மூத்தவர், ஓய்வுபெறும் வயசுக்காரர். கண்டக்டர் சீட்டையே எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். “காலை நீட்டிக்கப்பா, எனக்கு உக்காந்தா இடுப்பு பிடிக்கும்” என்பார். ஒவ்வொரு வளைவிலும் முட்டிக்குள் எதுவோ நழுவித் திரும்பி வந்தது. மேலே ஏறி வீடு சேரும்போது கீழே குறைந்த வீக்கம் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதோடு கேள்விகள். அந்த ரோட்டில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. எப்படி விழுந்தீங்க, எங்க விழுந்தீங்க, இன்னும் சரியாகலையா, காந்தத்துலயா வைத்தியம் பாக்குறாக. முதலில் விவரமாகச் சொன்னேன். அப்புறம் பாதி சொன்னேன். கார்த்திகை பிறந்த பிறகு யார் கேட்டாலும் “சரியாயிருச்சு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராத்திரிகளில் குளிர் முட்டிக்குள் இறங்கிவிடும். புரண்டு படுக்க முடியாது. தலையணையைக் காலுக்கு அடியில் வைத்தால் இடுப்பு வலிக்கும், எடுத்தால் முட்டி வலிக்கும். ஆனால் அந்த வளையத்துக்குள் காலை வைத்துப் படுத்த கொஞ்ச நேரத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. மலையில் கிடைக்காத கீழ்நாட்டு வெயில் ஜன்னலில் விழும். ஃபேன் சுற்றும். ‘டிக் டிக்’ சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் வந்து காலைத் தொட்டு எழுப்புவாள். பிறகு உடற்பயிற்சி. சுவரோடு முதுகை ஒட்டி உட்காருவது, மடித்த துண்டை முட்டியால் அமுக்குவது. அப்போதுதான் உயிர் போகும்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். “இந்த மெஷினால எனக்குக் கொணமாகுதாம்மா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வலியும் வீக்கமும் கொறைய இது ஒத்தாசையா இருக்கலாம்ணே. ஆளுக்கு ஆள் மாறுது. தசைய இது வளத்து விடாது. அதுக்கு நீங்க பயிற்சி செஞ்சாத்தான் உண்டு.”

திரும்பும்போது மனைவியிடம் சொல்லிவிட்டேன். “மெஷினுக்காக நான் வரல. அங்கதான் தூக்கம் வருது. அதுக்குத்தான் வாரேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். “தூங்குறதுக்கா நாம மல எறங்கி வாரோம்?”

கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை போனபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. வெளி பெஞ்சில் சாய்ந்து கண்சொருகிக் கிடந்த என் மனைவியை பிசியோதெரபிப் பெண்தான் உள்ளே கூப்பிட்டாள். “அக்கா, சும்மா சாஞ்சுக்கங்க, யாரும் வரல.” அவள் வெட்கப்பட்டுக்கொண்டே படுத்தாள். நான் விழித்துப் பார்த்தபோது மெஷின் நின்றிருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். காட்டு வேலை, வீட்டு வேலை, என் வேலை எல்லாம் அந்த முதுகில் தெரிந்தது. எங்களை எழுப்ப அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை போல. பஸ்ஸை விட்டுவிட்டோம்.

தை மாதம் என் மனைவி ஒரு சங்கதியை வெளியே விட்டாள். கால் நேரானால் இரண்டு பேரும் பழனிமலை படியேறி வருகிறோம் என்று வேண்டியிருக்கிறாளாம். எனக்குச் சலிப்பாக இருந்தது. “படியா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்றேன். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டோம். “இப்ப வேணாம்ணே. ஏறுறதக்கூட விடுங்க, எறங்கும்போதுதான் முட்டி தாங்காது.”

“வேண்டுனது நாந்தானே. நானே ஏறிட்டு வாரேன்” என்றாள்.

அவள் படியேறிப் போனபிறகு அடிவாரத்தில், பாதவிநாயகர் கோயிலுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மொட்டை போட்டவர்களும் காவடிக்காரர்களும் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவள் இறங்கி வந்தாள். திருநீறை என் முட்டியில் பூசிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

மாசி கடைசியில் கால் ஓரளவு நின்றது. மழைக்கும் பனிக்கும் இப்போதும் குத்தும். காந்தமா, பயிற்சியா, தானாகவே ஆறியதா, எனக்குத் தெரியாது. டெப்போவில் மலைப் பாதை வேண்டாம் என்று சொல்லி என்னைத் தாராபுரம் பஸ்ஸில் போட்டார்கள். நேர் ரோடு. வளைவே கிடையாது.

முதல் நாள் இரண்டு நடை முடிந்ததும் முட்டி கனத்துவிட்டது. மூன்றாவது நடையில் சீட்டில் உட்கார்ந்தபடியே, “டிக்கெட் வாங்காதவங்க வந்து வாங்கிக்கங்க” என்றேன். முன்னாலிருந்து ஒரு ஆள் சத்தம் போட்டார். “ஏய்யா, எந்திரிச்சு வந்து குடுத்தா என்ன?”

அவருக்குக் காலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கம்பியைப் பிடித்து எழுந்து, கூட்டத்துக்குள் போனேன்.