ஹனீஃபா கொடுக்க மறுத்த அடாப்டர்

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் மைக், ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஹனீஃபாவைப் போல ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்லை. கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்க மாட்டார். "எதுக்கு?" என்பார். என்னைப் போன்ற முன்கோபிக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

1998 ஆகஸ்ட். என் மனைவி சாருலதா மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலேயே இருபத்திரண்டு பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். கழுத்தில் தைராய்டு கட்டி. அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன். பழைய குரல் அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது என டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் அழவில்லை. "ஏன்னா, பொண்களுக்குப் பாதியில நிக்கற பாட்டையெல்லாம் பாடி வச்சுட்டுப் போயிடறேன்" என்றாள். அந்தப் 'போயிடறேன்'னுக்காக அவளோடு சண்டை போட்டேன். பயம் வந்தால் எனக்குச் சண்டைதான் வரும்.

கேசட் என்றால் பூஞ்சை பிடிக்கும், கம்ப்யூட்டரில் பதியலாம் என்பது என் யோசனை. ஒரு மாணவியின் அப்பா, டப்பிங் தியேட்டரில் வேலை பார்ப்பவர், நல்ல ஸ்டுடியோ மைக் ஒன்றை இரவல் தந்தார். அதன் ஒயர் முனையில் கட்டைவிரல் பருமனுக்கு மூன்று பின். கம்ப்யூட்டரின் பின்னாலோ வாக்மேன் ஹெட்போன் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை. இரண்டையும் சேர்க்க அடாப்டர் வேண்டும். அது ஹனீஃபா கடைக் கண்ணாடிப் பெட்டியில் கண்ணெதிரே கிடந்தது.

"அதை எடுங்கோ" என்றேன்.

"எதுக்கு சார்?"

மைக்கைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது வோணாம். சொருவிக்கலாம், ஆனா குரலு வராது. இந்த மைக்கு ரெண்டு பின்னுல குரல அனுப்புது, மூணாவது எர்த்து. அந்த அடாப்டர் ரெண்டையும் மோத வுட்டு அடிச்சிடும். பாடப்போறது யாரு?"

"யார் பாடினா உமக்கென்ன? வித்தமா காசை வாங்கினோமான்னு இல்லாம..." என்று எரிந்து விழுந்தேன். பிறகு எனக்கே வெட்கமாகி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மைக்கை இன்னொரு தரம் கையில் எடுத்துப் பார்த்தார். கல்யாண மைக்செட்டுகளோடு முப்பது வருஷம் அலைந்து, காதாலேயே தொழில் கற்ற மனுஷர். "நாளைக்கு வாங்க. குட்டி டிரான்ஸ்பார்மர் வெச்சு நானே கட்டித் தரேன்" என்றார்.

வியாழக்கிழமை அதை மாட்டினோம். சாருவின் குரல் பளிச்சென்று வந்தது. ஆனால் அடியில் ஏதோ ஒரு முனகல். உடனே போன் போட்டு, "உம்ம டப்பா உறுமறது ஓய்" என்று கத்தினேன்.

மறுநாள் காலை டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். டியூப்லைட்டை அணைத்தார். ஃபேனை நிறுத்தினார். ஃபிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கினார். முனகல் போகவில்லை. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"கரண்டு சத்தம்னா ஒரே சொரமா இருக்கும் சார். இதுல ரெண்டு மூணு கீது."

எழுந்து ஒவ்வோர் அறையாக நடந்தார். பூஜையறை வாசலில் நின்று, "அம்மா, அது இன்னா பொட்டி?" என்றார்.

எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டால், படுக்கப்போகும்போதுதான் நிறுத்துவோம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அது ஓடுவதே எங்கள் இருவர் காதிலும் விழுவதில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். சாரு சிரித்தாள், அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, காபி கொடுத்தேன்.

"பெட்டியை நிறுத்தத்தான் வேணும். பொண்கள் அவாத்துப் பெட்டியைப் போட்டுண்டு கேப்பா, ரெண்டு சுருதியும் இடிக்கும். ஆனா சுருதி இல்லாம நான் எப்படிப் பாடறது?" என்றாள் சாரு.

ஹனீஃபா சுருதியைக் கேசட்டில் பதிந்து, வாக்மேனில் போட்டு, அவளுடைய ஒரு காதில் மட்டும் மாட்டிவிட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் நாற்பத்தொரு பாட்டு. வெறும் குரல், அவளுடைய வழக்கமான ஐந்து கட்டைச் சுருதியில். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பத்தொன்பது வருஷமாக அந்தப் பெட்டியோடு சேர்த்து இவளையும் கேட்காமலே இருந்திருக்கிறேன் என்று உறைத்தது. மடையன் நான்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் வீட்டில் பெட்டி ஓடவில்லை. காற்றுதான் வந்தது அவள் தொண்டையிலிருந்து. ஈக்காட்டுத்தாங்கலில் தன் வீட்டுக்குப் போகும் வழி என்று சொல்லிக்கொண்டு ஹனீஃபா அவ்வப்போது வருவார். மயிலாப்பூர் நேர் எதிர்ப்பக்கம், அது எந்த வழி? குரல் வந்ததா என்று கேட்க மாட்டார். பூஜையறைப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அக்டோபரில் ஒரு நாள் காலை, பெட்டி ஓடும் சத்தம் கேட்டது. என் காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். சாரு ஐந்து கட்டையில் வாயைத் திறந்தாள், வரவில்லை. திருகைத் திருப்பினாள். நாலரை. நாலு. மூன்றில் குரல் போய் நின்றது. கொஞ்சம் கனமாக, ஆனால் அசையாமல்.

ஹனீஃபாவுக்குப் போன் போட்டு, ரிசீவரைப் பூஜையறைப் பக்கம் நீட்டினேன். ரொம்ப நேரம் கேட்டார்.

"எறங்கிடுத்து ஹனீஃபா. மூணு கட்டைதான்" என்றேன்.

"அஞ்சு கம்ப்யூட்டர்ல கீது. மூணு ஊட்ல கீது. இன்னா சார் கொறை?"

எனக்குச் சண்டை வரவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன்.