பின்னால் வந்தவர்

பள்ளி நாளிலிருந்து ரக்பி ஆடியவன் நான். அதில் பந்தைக் கையால் பின்னால்தான் கொடுக்கலாம். முன்னால் எறிந்தால் தப்பு. ஒருநாள் கொல்கத்தா மைதானத்தில் சிலர் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தை முன்னால் வீசினான். யாரும் விசில் ஊதவில்லை! அந்த ஆச்சரியத்திலேயே அந்த ஆட்டத்துக்கு மாறிவிட்டேன்.

எங்கள் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா என் புது ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தாள். "இத்தனை நாள் இது இல்லாமயாடா மோதினே?"

விழும்போது பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொள் என்று பயிற்சியில் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார்கள். முதல் போட்டியில் பந்தோடு ஓடினேன். ஒருவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். சாயும்போதே, திரும்பிப் பார்க்காமல், பந்தைப் பின்னால் தட்டிவிட்டேன். ரக்பியில் அங்கே நம்மாள் ஒருவன் நிச்சயம் இருப்பான். யாரோ கச்சிதமாகப் பிடித்த சத்தமும் கேட்டது.

நிமிர்ந்தால், பிடித்தவர் எதிரணிக்காரர். எங்கள் எல்லைக் கோடுவரை ஓடிப் புள்ளி எடுத்துவிட்டார். தோற்றோம். எங்கள் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பந்தைப் பிடித்த அந்த எதிரணிக்காரர்தான் தேடி வந்து கைகொடுத்தார். டாக்குரியாவைச் சேர்ந்த வங்காளி. அவர் மொழியிலேயே, அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"சரியா அங்க எப்படி வந்தீங்க, தாதா?"

"நீ ஓடுறதுலயே தெரிஞ்சுது. விழுந்தா பந்து பின்னால வரும்னு காத்திருந்தேன். நானும் ரக்பிதான்."

இன்றும் அதை நினைத்தால் வருத்தத்தைவிட வியப்புதான் மிஞ்சுகிறது. பார்க்காமல் கொடுத்த என் கை ஏமாறவில்லை. பின்னால் ஒரு ரக்பிக்காரர் இருக்கத்தான் செய்தார். சட்டைதான் வேறு.