பூ டப்பாவில் இறால்

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து ஒரு சிங்க மீன் வாங்கி வந்து, வீட்டில் நான் பட்டு நெய்யும் தறிக்குப் பக்கத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து அதில் விட்டேன். நீந்துகிற இரையைத்தான் அது தின்னும். கூட வாங்கிய குட்டி மீன்கள் தீர்ந்ததும் பட்டினி கிடந்தது.

முட்டைகூட நுழையாத சைவ வீடு எங்களுடையது. மனைவிக்குத் தெரியாமல் உரித்த இறாலை ஃப்ரிட்ஜில், அவளுடைய பூ டப்பாவில், சரத்துக்கு அடியில் ஒளித்து வைத்தேன். போட்ட இறால் அடியில் கிடந்தது. மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் காலை அவளே அந்த டப்பாவோடு வந்து நின்றாள்.

“ஆட்டிக்கினே இருந்தா செத்ததுன்னு அதுக்குத் தெரியவா போவுது?” என்றாள்.

மூக்கைச் சுளித்தபடி, சாயம் ஏற்றாத பட்டு இழையில் ஓர் இறாலைக் கட்டி, நீரில் இறக்கி மெல்ல ஆட்டினாள். மீன் செட்டைகளை விரித்து வந்து ஒரே கவ்வாகக் கவ்வியது. நான் மெல்லக் கேட்டேன்:

“இறால் இருக்குதுன்னு எப்பத் தெரியும்?”

“மொத நாளே. பூ வெச்சிக்கினு போனா, கோயில்ல பக்கத்துல நின்னவங்க மூக்க மூடிக்கினாங்க.”

“ஏன் கேக்கல?”

“அது பட்டினியா இருக்குதே, அப்புறம் கேட்டுக்கலாம்னு வுட்டேன்.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் எதையும் ஒளித்ததில்லை. ஒளிக்க இடமுமில்லை, தேவையுமில்லை என்று தெரிந்துவிட்டது.