சத்தமில்லாமல் ஓடிய கார்

எங்கள் லயத்துக்கு முதன்முதலாக ஒரு கார் வந்தபோது, அது டிராக்டரின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு வந்தது. ஹல்துமுல்லையில் ஒரு கடைக்காரர் பல வருடமாக உள்ளே கோழி அடைத்து வைத்திருந்த கார் அது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்றுகூட அண்ணன் அவ்வளவு விறைப்பாக உட்காரவில்லை என்று அத்தை வெகுநாள் கேலி செய்துகொண்டிருந்தாள். லயத்துப் பெண்களெல்லாம் வாசலுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தேன். அது எப்போதோ அழுகிப்போயிருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு காரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். பூனாகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற மலையில், பாதி வழியில் எங்கள் தோட்டம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. அதுதான் லயம். அந்த வரிசையில் யாரிடமும் சைக்கிள்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் கார் வாங்கினால் சும்மா விடுவார்களா? கிளீனருக்குத் துரை ஆசை வந்துவிட்டது என்றார்கள். தோட்டத்து மானேஜரைத்தான் துரை என்போம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் அப்பா கிளீனராக இருந்தார்.

அது ஆசை அல்ல, பயம். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. வலி எடுத்ததும் வேறு வண்டி கிடைக்காமல், அந்தக் கொழுந்து லொறியிலேயே சாக்குகளின்மேல் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். லொறி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் பொனட்டைத் திறந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அப்பா அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிள்ளை சாக்கின்மேலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. இதையெல்லாம் அத்தை எனக்குச் சொன்னது நான் பெரியவளான பிறகுதான். இப்போது அம்மாவுக்கு மறுபடியும் மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு வலி எடுக்கிற அன்று ஒரே ஒரு தடவை ஓடுகிற வண்டி ஒன்று இருந்தால் போதும் என்பதுதான் அப்பாவின் நினைப்பெல்லாம். எனக்கோ அந்தக் கார் விளையாட்டு வீடாக இருந்தது.

ரிப்பேர் வேலை ஒன்றுமே தெரியாதவராக இருந்திருந்தால் அப்பா காரைக் கராஜில் விட்டிருப்பார். லொறி டிரைவருக்குப் பக்கத்தில் நின்று நின்று கொஞ்சம் தெரிந்துவைத்திருந்ததால் தானே செய்துகொள்ளலாம் என்று இறங்கிவிட்டார். வேலை முடிந்து வந்தால் தேநீர்க் கோப்பையோடு காருக்கு அடியில் போய்விடுவார். செல்ஃப் எடுக்கவில்லை. அதற்காகக் காரை லயத்துப் பாதையின் மேல் முனையில், மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து வைத்தார். கல்லை எடுத்தால் கார் உருளும். உருளுகிற வேகத்தில் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். மலையில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். இவ்வளவு இறக்கம் இருக்கும்போது செல்ஃப் எதற்கு என்று அப்பா கேட்பார்.

ரேடியேட்டர் ஒழுகியது. அம்மாவின் மஞ்சள்தூள் டப்பா காணாமல் போய், காருக்கு அடியில் மஞ்சளாகத் தண்ணீர் சொட்டி, கடைசியில் சொட்டுவதும் நின்றது. அம்மா சில நாள் மஞ்சளில்லாமல் குழம்பு வைத்தாள். பிறகு பெற்றோல் டேங்கில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். துணி துவைக்கும் சவர்க்காரத்தை ஈரமாக்கிப் பிசைந்து அந்த வெடிப்பில் அப்பி விரலால் தேய்த்தார். அதுவும் நின்றது. ஹார்ன் வயரை எலி தின்றிருந்தது, அதை மட்டும் அவர் தொடவில்லை. ஏனென்றால் அந்தக் காருக்கு ஹார்ன் தேவைப்படவில்லை.

சைலன்சர்தான் காரணம். அது துருப்பிடித்துப் பாதி உதிர்ந்துபோயிருந்தது. என்ஜின் பிடித்ததும் கிளம்புகிற சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் கேட்கும். கார் வளைவில் திரும்புவதற்கு முன்பே கீழே சந்தியில் ஆட்டையும் பிள்ளைகளையும் ஓரமாக இழுத்துவிடுவார்கள். "நம்ம கிளீனரு வாராரு" என்று சிரித்தபடி வழி விடுவார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைக் கண்டதும் வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். அப்பா பால்மா டின்னை வெட்டி விரித்து, ஓட்டையின்மேல் சுற்றிக் கம்பியால் கட்டுவார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் டின் கழன்று ரோட்டில் உருளும். நான் அழுதுகொண்டு போய், எப்போதுதான் இந்தச் சத்தம் நிற்கும் என்று கேட்டேன். காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பொறு பாப்பா. ஒரு நாளைக்குப் பாரு, பூன நடக்குற மாதிரி போகும்."

அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு நாள் நெருங்கியபோது தோட்டங்களில் சம்பளப் போராட்டம் தொடங்கியது. யாரும் வேலைக்குப் போகவில்லை. கொழுந்து லொறி ஷெட்டில் நின்றது. ஆண்களும் பெண்களும் காலையிலேயே சந்திக்கு இறங்கி, ரோட்டுக்குக் குறுக்கே மரத்தைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத சம்பளம், அவர்கள் உட்கார்ந்ததில் தப்பொன்றும் இல்லை. அப்பா மட்டும் போகவில்லை. டேங்கில் அம்மாவுக்கென்று பெற்றோல் நிரப்பி, அதைச் செலவாக்கக் கூடாதென்று காரை நகர்த்தாமலே வைத்திருந்தார்.

ஒரு ராத்திரி முழுக்க மழை கொட்டியது. காலையில் மழை விட்டதும் நான் வழக்கம்போல் முன்சீட்டில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தேன். அப்போது அத்தையும் அடுத்த காம்பரா மாமியும் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நாள் இன்னும் இருந்தது, ஆனால் வலி முந்திக்கொண்டுவிட்டது. அம்மாவின் பாவாடையில் ரத்தம். ஓடிவந்து பார்த்த தோட்டத்து மருத்துவிச்சியின் முகம் மாறிவிட்டது. ரோடு மறித்திருப்பதால் ஆம்புலன்ஸ் மேலே வராது, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். அத்தை பின்சீட்டில் ஏறி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை இறக்கிவிட ஒருவருக்கும் நேரமில்லை.

"சந்தியில மறிச்சிருக்காங்களே அண்ணே" என்றாள் அத்தை.

"நம்ம ஆளுங்கதானே. சத்தத்தக் கேட்டாலே மரத்தத் தூக்கிருவாங்க" என்றார் அப்பா.

கல்லை எடுத்தார்கள். கார் உருண்டது. கியரைப் போட்டதும் என்ஜின் பிடித்து, அந்தப் பாழாய்ப்போன சத்தம் கிளம்பியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். முதல் வளைவு தாண்டவில்லை. கார் இரண்டு தடவை இருமியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

நடந்தது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். சவர்க்காரத்தைப் பெற்றோல் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். மேலே தேயிலை மலையிலிருந்து பாதையோர வடிகால் கான் நிரம்பி வந்த மழைத்தண்ணீர் ராத்திரி முழுக்கக் காரின் பின்பக்கத்தில் மோதி, டேங்கில் அப்பியிருந்ததைக் கழுவிவிட்டது. அப்பா சேர்த்து வைத்திருந்த பெற்றோல் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. குழாயில் மிஞ்சியிருந்த கொஞ்சம்தான் முதல் வளைவு வரைக்கும் வந்தது. வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற மலையில் இருந்துகொண்டு, அவருக்கு இது தோன்றாமல் போய்விட்டது.

"நின்னு போச்சா அண்ணே?"

"நிக்கல. போகுதுல்ல. நீ அவளப் பாரு."

உண்மையாகவே போய்க்கொண்டுதான் இருந்தது. சந்தி வரைக்கும் முழுக்க இறக்கம். சந்தியைத் தாண்டினால் கொஞ்சம் சமதரை, அப்புறம் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு சின்ன ஏற்றம். வேகத்தைக் குறைக்காமல் போனால் அந்த வேகமே மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று அப்பா கணக்குப் போட்டிருக்க வேண்டும். பிரேக்கைத் தொடாமல் வளைவுகளில் திருப்பினார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சொன்னபடியே செய்துவிட்டார்! கானில் தண்ணீர் ஓடுவது கேட்டது. தேயிலைக்குள் குருவி கத்துவது கேட்டது. பெரிய துரையின் காரில்கூட உறுமல் கொஞ்சம் இருக்கும், எங்கள் காரில் அதுவும் இல்லை. பின்னால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதும் கேட்டது. பெரியவர்களுக்கு ஏதோ வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பார்கள் என்று இருந்துவிட்டேன். ரோட்டோரத்தில் நின்ற பிள்ளைகளுக்குக் கை காட்டினேன். "அப்பா, சத்தமே இல்ல!" என்று கத்தினேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

கடைசி வளைவில் திரும்பியதும் சந்தி தெரிந்தது. ரோடு நிறைய ஆட்கள், குறுக்கே மரம். அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். அவர்களும் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நகரவில்லை. சத்தமில்லாமல் இறங்கி வருகிற காரைக் கண்டதும் யாரோ, "தொரை காரு நழுவப் பாக்குதுடா, மறி!" என்று கூவினார்கள். நகர்வதற்குப் பதிலாகக் கூட்டம் முன்னால் ஓடிவந்தது. அப்பா பிரேக்கின்மேல் ஏறி நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். மரத்தில் மூக்கு முட்டும் நேரத்தில் கார் நின்றது. பொனட்டில் ஒரு தடி விழுந்தது. தடியை ஓங்கியவர் எங்கள் அடுத்த காம்பரா மாமா.

கண்ணாடிக்குள் பார்த்ததும் அவர் கையிலிருந்த தடி கீழே விழுந்துவிட்டது.

"ஐயோ, நம்ம கிளீனருடா! ஏண்டா பாவி, ஏன் சத்தம் குடுக்காம வந்த?"

 அப்பா பின்சீட்டைக் கையால் காட்டினார்.

மரத்தைத் தூக்கி எறிந்தார்கள். கோஷம் நின்றுபோயிற்று. மாமாதான் முதலில் தோள் கொடுத்தார், பிறகு எத்தனையோ பேர். சமதரையில் கார் மெதுவாக நகர்ந்தது. ஏற்றத்தில் இன்னும் மெதுவாக. வழுக்கிப் பின்னால் வந்தது, மறுபடியும் தள்ளினார்கள். பெண்கள் ஜன்னலோரம் நடந்துகொண்டே அழுதார்கள். ஊரே கூடி எங்கள் காரைப் பார்க்க வந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். இவ்வளவு நல்ல காரைக் கண்டால் யாருக்குத்தான் கண்ணில் தண்ணீர் வராது? சாமி போல முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அத்தை கூடப் போனாள். நான் மாமியிடம் இருந்தேன். பிறகு ஒரு நாள் அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதைத் தேயிலைக்குக் கீழே சுடுகாட்டுப் பக்கம் ஆண்கள் மட்டும் கொண்டுபோனார்கள். எனக்குத் தம்பி பிறந்து சாமியிடம் போய்விட்டான் என்றார்கள். சாமிக்குப் பிள்ளைகள் இல்லாத குறையா என்று நான் கேட்டேன், மாமி என் வாயைப் பொத்தினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் எங்கள் கார் இப்போது சத்தமே போடாது என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொறாமை என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா பதுளையிலிருந்து வந்து, வாசலில் உட்காருகிற அளவுக்குத் தேறிய பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காரை எடுத்துவர அப்பா ஒரு கலனில் பெற்றோலும், டேங்கை அடைக்கச் சவர்க்காரத் துண்டும் எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் கீழே வளைவுகளிலிருந்து அது கேட்டது. அதே உறுமல், அதே உடைசல் சத்தம்.  கார் வந்து நிற்பதற்குள் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மறுபடியும் கெட்டுப் போச்சாப்பா? அன்னிக்கி அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போனப்ப சத்தமே இல்லாம ஓட்டுனீங்கள்ல, அந்த மாதிரி ஓட்டுங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் டிக்கியைத் திறந்து, பால்மா டின்னையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போகக் குனிந்தார். வாசலில் இருந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அதிகம் பேசியதில்லை.

"வேணாங்க. அத அடைக்காதீங்க. சத்தம் இருக்கட்டும்."

அப்பா டின்னைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அதற்கப்புறம் அந்தச் சைலன்சரை அவர் தொடவே இல்லை. பூனை போலப் போன காரை இப்படிக் கெடுத்துவிட்டாளே, காரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று அம்மாமேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.