நெல்லியடிக்குக் கொண்டுபோன குஜராத்தி வாழ்த்து

1986 தீபாவளிக்கு அடுத்த நாள் நான் குருநகரிலிருந்து நெல்லியடிக்குப் போனது இரண்டே சொற்களைச் சொல்லத்தான்: 'சால் முபாரக்'. குஜராத்திக்காரரின் புதுவருட வாழ்த்து அது. சொல்லி அனுப்பியவர் பம்பாயில் ஒரு துணிக்கடைக்காரர். கப்பல் வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் அவருடைய கடைக்கு மேலேதான் எனக்கு அறை. அவருடைய மகள் ஹன்சா, அங்கே படிக்க வந்த நெல்லியடிப் பெடியன் யோகநாதனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான்கு வருடமாக மனுசன் ஒரு கடிதம் போடவில்லை.

நான் லீவில் புறப்படும்போதுதான் வாய் திறந்தார். "தீபாவளி கழிந்து வருசப்பிறப்பு. அன்றைக்கு நான் சொன்னதாகச் சொல்." அவர்கள் வழக்கத்தில் வருசப்பிறப்பன்று வாழ்த்துச் சொன்னால், அதோடு பழைய கோபம் தீர்ந்தது. நான் கத்தோலிக்கன். தீபாவளி எனக்கு அயல்வீட்டுப் பலகாரம். எங்கள் ஊர்த் தீபாவளிக்கு மறுநாள்தான் அவர்களுக்கு வருசப்பிறப்பு என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை அம்மாவோடு சேமக்காலைக்குப் போய், அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, ஒன்பது மணிக்கு மினிபஸ் ஏறினேன். ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீற்றர், ஆறு ரூபா. புத்தூர்வரை நின்றுகொண்டே பயணம். வல்லை வெளியில் மழை. யன்னல் கண்ணாடி பாதியில் இறுகிவிட்டதால் இடதுபக்கம் இருந்தவர்கள் எல்லாரும் குளித்தோம். "தீபாவளி முழுக்கு நேற்றே முடிஞ்சுதெல்லோ அண்ணை," என்றார் கொண்டக்டர். அவர் மட்டும் நனையவில்லை.

பத்தரைக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஹன்சா சோமாசு போல ஒன்றைப் பொரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஒரு சொல் சொல்லி அனுப்பினவர்," என்று தொடங்கியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. மாக் கையைத் தூக்கி என்னை மறித்தாள்.

"இண்டைக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. எங்கடை வருசம் நாளைக்குத்தான். இது நடுவிலை வாற வெறும் நாள். இண்டைக்கு நாங்கள் ஒண்டும் தொடங்கமாட்டம்."

எனக்கோ திங்கள் விடியக் கொழும்புப் பஸ். தவறினால் கப்பல் போய்விடும். அதைச் சொன்னதும் அவளுடைய கண் கலங்கியது. நான்கு வருடம் காத்திருந்தது வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே எடுக்க முடியவில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டபின் யோகநாதன் என்னைச் சந்திவரை கூட்டிவந்தான். வழியில் எனக்கு யோசனை வந்தது. "தம்பி, நாளைக்கு விடிய நீர் சொல்லும்."

அவன் நின்றுவிட்டான். "என்னாலைதானே அவருக்குக் கோவம். நான் சொன்னால் அது மாமாவின்ரை வாழ்த்தாகுமோ?"

"அவருக்காகச் சொல்ல வந்தவன் நான். எனக்காக நீர் சொல்லும்."

பஸ் வரும்வரை அவன் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் அவன் ஏதோ மந்திரம் ஓதுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

இப்படி அடுத்தவர் பண்டிகைக்கு வாழ்த்துக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்களுடைய கலண்டரைப் பாருங்கள், எங்கள் கலண்டர் உதவாது. ஓர் இரவு தங்குகிற மாதிரிப் போங்கள். மழைக்காலமென்றால் பஸ்ஸில் வலதுபக்கம் இருங்கள்.

மாசியில் திரும்பப் பம்பாய் போனபோது கடைக்காரரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நாள் பிழைத்ததற்கு ஏசுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். விரித்திருந்த துணியை மெதுவாக மடித்தார்.

"சரியாகச் சொன்னானா?"

"தெரியாது. நான் அங்கே இல்லை."

"அப்படியென்றால் அடுத்த வருசப்பிறப்புக்கு அவனை இங்கே வரச்சொல்லி எழுது," என்றார். "எனக்குக் கேட்க வேண்டும்."