நிமிர்ந்து நின்ற கார்

1959-ஆம் ஆண்டு, தசராவுக்கு முந்தைய வியாழக்கிழமை அது. எங்கள் பழைய கார் நான் வாங்கியபோதே இடது பக்கம் சாய்ந்துதான் ஓடியது. அந்த வாரம் முன் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் உடைந்துவிட்டன. ஒக்கலிபுரத்தில் காதர் பாயின் பட்டறையில் விட்டு, முன்பக்கம் இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றச் சொன்னேன்.

மாலையில் மனைவியுடன் போனேன். அவள் மல்லேஸ்வரத்தில் பள்ளி ஆசிரியை. சிறு வயதில் வந்த நோயால் ஒரு காலில் பலம் குறைவு. ஆனாலும் யார் கையையும் பிடிக்காமல்தான் காரில் ஏறுவாள், இறங்குவாள்.

"பாருங்க சார், புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிக்குது!" என்றார் பாய்.

அவள் இடது பக்கக் கதவைத் திறந்து காலைத் தூக்கினாள். எட்டவில்லை. மறுபடியும் முயன்றாள். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. வழக்கம்போல் நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"மாப்பிள்ளை நிமிர்ந்துட்டாரு, சரி. பொண்ணு எப்படி பாய் ஏறுறது?" என்று சிரித்தாள். பிறகு சாக்கடை ஓரத்துக் கல்லைக் காட்டி, "வண்டியை அதுகிட்ட தள்ளுங்க. ஏங்க, நீங்களும்தான்!" என்றாள்.

நானும் பாயும் தள்ளினோம். அவள் கல்லின் மேல் ஏறி, அங்கிருந்து நிதானமாக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

நான் பழுது என்று நினைத்த அந்தச் சாய்வில்தான் அவள் இத்தனை நாள் சிரமமில்லாமல் ஏறியிருக்கிறாள்.

மறுநாள் முதல் எங்கே போனாலும் உயரமான கல் ஓரமாகப் பார்த்தே காரை நிறுத்தினேன். கையை நீட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.