வெட்டாத சதுரங்கம்

எங்கள் எதிர்வீட்டில் சதுரங்கம் ஆடினால் யாரும் யாரையும் வெட்டக் கூடாது. மாகறல் பக்கத்துக் கிராமத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து அரிசிக்கடை வைத்திருந்த சமணக் குடும்பம் அது. காய்கறி நறுக்குவதைக்கூடத் 'திருத்துவது' என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "யானைய வெட்டிட்டேன், மந்திரிய வெட்டிட்டேன்" என்று நான் தொண்டை கிழியக் கத்தினால் எப்படி இருக்கும்? என் சிநேகிதியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த அத்தை ஒருநாள் ஆட்டத்தையே மாற்றிவிட்டார்.

காய்கள் வழக்கம்போல நகரும். எதையும் எடுக்க முடியாது; வழியை மறித்து நிற்கலாம், அவ்வளவுதான். தன் முறை வரும்போது எந்தக் காயையும் நகர்த்த இடமில்லாமல் முழிப்பவர் தோற்றவர். ஆட்டம் போகப்போக, எங்கள் வீட்டுத் தறியில் பாவு நூல் சிக்கிக்கொண்ட மாதிரி பலகை இறுகிவிடும். அப்போது யாரிடம் ஓரடி மிச்சமிருக்கிறதோ அவர் பிழைப்பார். நான் ஆரம்பத்திலேயே எல்லாச் சிப்பாய்களையும் ஓடவிட்டுக் கடைசியில் திருதிருவென்று முழிப்பேன். அத்தையோ எங்கேயாவது ஒரு மூலையில் ஓரடியை ஒளித்து வைத்திருப்பார்.

அந்த வருஷம் கருட சேவைக்குச் சிநேகிதியையும் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். விடியற்காலையில் வரதர் கருடன்மேல் கோபுர வாசலைத் தாண்டி வருவதைப் பற்றி அளந்து அளந்து அவள் தூக்கத்தைக் கெடுத்ததே நான்தான். அவள் அப்பாவிடம் நானே போய்க் கேட்டேன்.

"அந்தக் கூட்டத்துல நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இன்னாமா வேலை?" என்றார் மாமா. சிநேகிதியின் முகம் சுருங்கிப்போனது.

அப்போது உள்ளேயிருந்து அத்தை வந்தார். "அவ்ளோ ஆசையா இருக்குதுன்னா இவ என்னை ஆட்டத்துல ஜெயிக்கட்டும். தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஜெயிச்சா பொண்ண அனுப்பறேன். பசங்கள தனியா விட முடியாது, தோத்த குத்தத்துக்கு நானே துணைக்குப் போறேன்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அத்தையை அந்த வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை, மாமா உட்பட. "தாராளமா ஆடுங்க" என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் தொடங்கிய ஆட்டம் வெயில் சாய்ந்தும் முடியவில்லை. அன்றைக்கு நான் இரண்டு சிப்பாய்களைத் தொடவே இல்லை. கை அரித்தது, தொடவில்லை. கடைசியில் அவற்றில் ஒன்றை ஓரடி தள்ளினேன். அத்தை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு நகர எடமில்லமா, தோத்துட்டேன்" என்றார்.

"அம்மா, அந்தக் குதிர..." என்று சிநேகிதி மூலையை நோக்கி விரலை நீட்டினாள். அதற்குள் அத்தை காய்களையெல்லாம் கையால் வாரிவிட்டார். "பொழுது சாயுது பாரு, சாப்பிட உக்காருங்க." இருட்டிய பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை, அந்த அவசரம் என்றுதான் நினைத்தேன்.

"சின்னப் பொண்ணுகிட்டயா தோத்த?" என்று மாமா இரண்டு மூன்று தடவை கேட்டார்.

"இன்னா பண்றது, சொல்லிட்டேனே" என்றார் அத்தை.

நான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

கருட சேவையன்று அத்தை சரிகை போட்ட அரக்கு நிறப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். அதில் அவரை நான் பார்த்ததே இல்லை. கோவில் வாசலில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். எங்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுபா" என்று இடித்துத் தள்ளி முன்வரிசைக்கே கொண்டுபோய்விட்டார். குடை ஆடி, வாசலில் கருடன் தெரிந்ததும் ஊரே கை தூக்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கன்னமெல்லாம் ஈரம்.

எனக்கு ஐயோ என்றிருந்தது. விளையாட்டில் தோற்ற பாவத்துக்கு இந்தக் கூட்டத்தில் நசுங்கி அழுகிறாரே என்று மனசு கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்த, அடுத்த வருஷம் நானே தோத்துடறேன். நீங்க வீட்லயே இருக்கலாம்" என்றேன்.

அத்தை நடப்பதை நிறுத்திவிட்டார்.

"வேணாம்மா" என்றார். "நல்லா ஆடு. அடுத்த வருஷமும் நீயே ஜெயிக்கணும்."